அச்சாரப் பொன்

என் தமக்கையின் பேத்திக்குத் திருமணம் பேசி முடித்திருக்கிறோம். மாப்பிள்ளை பெங்களூரில் பணிபுரிபவர். நிச்சயதார்த்தத்தை மொரப்பூரிலேயே வைத்துக்கொள்வது என்று இரு வீட்டாரும் இசைந்த பிறகு, பேச்சு மோதிரத்தின்மீது திரும்பிற்று. தங்கம் போதுமா, வைரம் வேண்டுமா? அரைச் சவரனா, ஒரு சவரனா? மோதிரம் மாற்றும்போது எந்தப் பாடலை ஒலிக்கச் செய்வது? இளையோர் இவ்வாறு விவாதித்துக்கொண்டிருக்கையில், பேத்தி என் பக்கம் திரும்பி, “தாத்தா, மோதிரம் மாற்றுவது நம் வழக்கமா, வெள்ளைக்காரர் வழக்கமா? அதைச் சாமியார் எதற்காக மந்திரிக்கிறார்?” என்று கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன் என் தமக்கை எழுந்து அடுக்களைக்குள் சென்றுவிட்டாள். அவள் ஏன் எழுந்தாள் என்பதை அக்கூடத்தில் இருந்தவர்களுள் நானும் என் அத்தானும் மட்டுமே அறிவோம். பேத்தியின் வினாவுக்கு அன்று சுருக்கமாக ஏதோ விடை கூறினேன். முழு விடையை இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையைப் பெற்ற பாட்டி மோதிரம் மாற்றி மணம் முடித்தவர் அல்லர். தருமபுரிப் பக்கத்திலிருந்து மொரப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். 1906ஆம் ஆண்டு முதல் 1941 வரை இவ்விரு ஊர்களையும் இணைத்து ஒரு குறுகிய இருப்புப் பாதை இருந்தது. அதில் ஓடிய சிற்றிரயிலில்தான் மணப்பெண்ணாக வந்து இறங்கியதாகச் சொல்லிச் சொல்லி மகிழ்வார். அவருக்கு நிச்சயம் என்பது வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றியதும், பரிசப் பணமும் புடவையும் வைத்ததுமே ஆகும். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கைநனைத்தால், அதாவது ஒருவாய் உண்டால், உறவு உறுதியாயிற்று. கைநனைக்காமல் எழுந்து சென்றால் இசைவில்லை என்று பொருள். “உங்களைக் கேட்டார்களா, பாட்டி?” என்று சிறுவனாக நான் ஒருமுறை வினவினேன். “என்னை யாரடா கேட்டார்கள்? தாம்பூலம் மாற்றிய பிறகுதானே எனக்கே தெரியும்!” என்றார். அவர் குரலில் வருத்தம் ஏதும் இல்லை. ஆயினும் அந்த விடை என் நெஞ்சில் தங்கிவிட்டது.

மோதிரம் மேல்நாட்டிலிருந்து வந்தது என்பது மெய். அதன் தாயகம் பழைய உரோமை. ஆனால் அது அங்கே காதலின் அடையாளமாகப் பிறந்ததன்று, அச்சாரமாகப் பிறந்தது. நம் மாவட்டத்தில் அச்சாரம் என்றால் என்னவென்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. புளியமரங்களைக் குத்தகைக்கு எடுக்கும் வணிகர் பூவும் பிஞ்சுமாய் இருக்கும்போதே வந்து, ஒரு தொகையைக் கையில் வைத்துவிட்டுப் போவார். அது விலையன்று, வாக்குக்குப் பிணை. இதனையே உரோமையர் ‘அர்ரா’ என்றனர். செமித்திய மொழியில் தோன்றிக் கிரேக்கத்தின் வழியாக இலத்தீனுக்குச் சென்ற சொல் அது. தொடக்க நூலில் யூதா தன் முத்திரை மோதிரத்தைத் தாமாரிடம் பிணையாகக் கொடுத்தபோது எபிரேயத்தில் வழங்கும் சொல்லும் இதுவே. தூய ஆவியாரை நம் மீட்பின் முன்பணம் என்று புனித பவுல் எபேசியருக்கு எழுதுகையிலும் இதே சொல்லையே ஆள்கிறார். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு ஒன்று அவ்விடத்தில் ‘அச்சாரம்’ என்றே எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், மொழிபெயர்த்தவர் நம் சந்தைகளில் நடமாடியவராகத்தான் இருந்திருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

அந்த அச்சார மோதிரம் தொடக்கத்தில் பொன்னும் அன்று. தம் காலத்திலும்கூட மணம் பேசிய பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரமே அனுப்பப்படுகிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி எழுதியுள்ளார். கடைவிரலுக்கு அடுத்த விரலில் ஏன் அணிகிறோம் என்பதற்கு, அவ்விரலிலிருந்து இதயத்துக்கு ஒரு மெல்லிய நரம்பு செல்கிறது என்ற எகிப்தியர் கதையை இரண்டாம் நூற்றாண்டில் ஆலுஸ் கெல்லியுஸ் பதிவு செய்தார். உடற்கூற்றியல் அதை ஒப்பவில்லை; மணமக்கள் இன்றளவும் ஒப்புகிறார்கள். தமிழிலோ அந்த விரலுக்கே மோதிர விரல் என்றுதான் பெயர். எனவே இவ்வகையில் நாம் கடன் வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

மறைத் தந்தையருள் அலெக்சாந்திரியா நகரப் புனித கிளமெந்து கூறும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பெண்ணுக்குப் பொன் மோதிரம் தரப்படுவது அழகுக்காக அன்று. வீட்டில் காக்க வேண்டிய பொருள்களுக்கு முத்திரை இடுவதற்காகவே என்கிறார் அவர். பூட்டும் சாவியும் அரிதாயிருந்த காலம் அது. பண்டக அறையை முத்திரையிட்டு மூடுவார்கள். ஆகவே மோதிரத்தைக் கொடுத்தல் என்பது வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்தல் போன்றதாம். முத்திரையில் புறா, மீன், கப்பல், நங்கூரம் ஆகிய உருவங்களைப் பொறித்துக்கொள்ளலாம் என்றும் கிறிஸ்தவர்களுக்கு அவர் அறிவுரை தந்தார்.

அச்சாரம் என்றால் அது முறிவதற்கும் சட்டம் வேண்டுமன்றோ? பழைய உரோமைச் சட்டம் இதில் பெருந்தன்மை உடையது. மண வாக்கை எவரும் முறித்துக்கொள்ளலாம். முறித்தால் தண்டம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வது செல்லாது. பிற்காலத்தில்தான் அர்ரா இறுகியது. ஆண் பின்வாங்கினால் கொடுத்ததை இழப்பான்; பெண் வீட்டார் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் இயற்றிய சட்டம் ஒன்று நகைப்பூட்டக்கூடியது. நிச்சயத்தின்போது முத்தம் இடம்பெற்று, அதன்பின் மணமகன் இறந்துபோனால், அவன் அளித்த பரிசுகளில் பாதி பெண்ணுக்கு உரியது. முத்தம் இல்லையேல் எல்லாவற்றையும் திருப்பிவிட வேண்டும்! நம் பாட்டிமார் கைநனைத்தலை வைத்து முடிவு செய்ததை அங்கே முத்தத்தை வைத்து முடிவு செய்தார்கள், அவ்வளவே.

இனித் திருச்சபையிடம் வருவோம். அதற்கு முன் தொடக்க நூலின் 24ஆம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். ஈசாக்குக்குப் பெண் தேடிச் சென்ற ஆபிரகாமின் ஊழியர், கிணற்றடியில் இரபேக்காவைக் கண்டு பொன் மூக்கணியும் இரு காப்புகளும் தருகிறார். மூக்கணியின் எடை அரைச் செக்கேல். காப்புகளின் எடை பத்துச் செக்கேல். மோதிரம் இல்லை, மூக்குத்தி! நம் பாட்டிமார் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் பலரும் படித்துவிட்டுக் கடந்து செல்லும் வசனங்கள் அதன் பின்னரே வருகின்றன. தந்தையும் தமையனும் இசைந்து, பரிசுகளும் வழங்கப்பட்டு, விருந்தும் உண்டு முடிந்தபின், மறுநாட் காலையில் வீட்டார் பெண்ணையே அழைத்து, இம்மனிதரோடு செல்கிறாயா என்று கேட்கின்றனர். அவள் செல்வதாகச் சொல்கிறாள். அதன் பின்னரே ஒட்டகங்கள் புறப்படுகின்றன.

திருச்சபை தன் நெடுங்கால அனுபவத்தில் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 866ஆம் ஆண்டில் பல்கேரிய மக்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பியபோது, திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் விரிவான மறுமொழி தந்தார். உரோமையில் மணம் பேசுதல், விரலில் மோதிரம் இட்டு அச்சாரம் தருதல், சீர் எழுதுதல், முடிசூட்டுதல் ஆகியவற்றையெல்லாம் விவரித்துவிட்டு, இவை இல்லாமற்போனால் பாவமில்லை, மணமக்களின் சம்மதம் ஒன்றே போதும், அது இல்லையேல் மற்றவை எல்லாம் வீண் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் இன்னொரு பாகுபாட்டை வலியுறுத்தினார். “உன்னை மணப்பேன்” என்பது வேறு. “உன்னை மணக்கிறேன்” என்பது வேறு. முன்னது வாக்கு, பின்னதே திருமணம். மோதிரம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் திருமண அறிவிப்புகளைப் பொதுவில் வெளியிட வேண்டும் எனக் கட்டளையிட்டது. நாம் மூன்று ஞாயிறுகளில் வாசித்துவந்த ஓலையின் மூலம் அதுவே. ஓலை வாசிப்பதன் நோக்கம் ஊருக்குப் பெருமையாக அறிவிப்பதன்று. தடை இருந்தால் சொல்வதற்கு இடம் தருவதே. கதவைச் சாத்துவதற்காக அன்று, இன்னும் சிறிது நேரம் திறந்து வைப்பதற்காகவே ஓலை வாசித்தார்கள். இதை நம்மவர் எப்படியோ தலைகீழாகப் புரிந்துகொண்டனர்.

வழிபாட்டு முறைகளில் அழகான பல வழக்கங்கள் இருந்தன. இங்கிலாந்தின் பழைய சாலிஸ்பரி முறையில், மணமகன் மோதிரத்தை முதலில் பெண்ணின் பெருவிரலில் வைத்து, பிதாவின் பெயராலே என்பான். அடுத்த விரலில் சுதனுடைய பெயராலே. நடுவிரலில் தூய ஆவியின் பெயராலே. நான்காம் விரலில் ஆமென் என்று சொல்லி அங்கேயே விட்டுவிடுவான். 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலில் ஒரே மோதிரம்தான் மந்திரிக்கப்பட்டது. அது பெண்ணுக்கு உரியது. இருவர் மோதிரங்களையும் மந்திரித்து ஒருவர்க்கொருவர் அணிவிக்கும் முறை 1969ஆம் ஆண்டின் புதிய திருமணச் சடங்கு நூலோடு வந்தது.

வைரத்தின் கதை வேறு. ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன் 1477ஆம் ஆண்டில் பர்கண்டி நாட்டு மேரிக்கு வைர மோதிரம் அளித்ததை மேல்நாட்டார் பெருமையாக எடுத்துரைப்பர். அக்காலத்தில் உலகுக்கு வைரம் தந்தது நம் இந்தியாவே. கிருஷ்ணை ஆற்றுப் பகுதியின் சுரங்கங்களிலிருந்து கோல்கொண்டா வணிகர் கைவழியே அவை மேற்கே சென்றன. 18ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலும், 1860களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவிலும் வைரம் கண்டெடுக்கப்பட்டபின் அது மலிந்தது. மலிந்ததை அரிய பொருளாகவே வைத்திருக்க 1888இல் தோன்றிய டி பீர்ஸ் நிறுவனம் பெரிதும் முயன்றது. வைரம் என்றும் நிலைப்பது என்ற அதன் விளம்பர வாசகம் 1947இல் எழுதப்பட்டது. அதை எழுதியவர் பிரான்செஸ் ஜெரெட்டி என்னும் பெண்மணி. அவர் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. எத்தனை மாதச் சம்பளத்தை மோதிரத்தில் போட வேண்டும் என்பதையும் பின்னாளில் விளம்பரங்களே கற்பித்தன. என் தமக்கையின் பேத்தி ‘எல்லாரும் வைரம்தான் போடுகிறார்கள்’ என்று சொன்னபோது, அந்த ‘எல்லாரும்’ என்பது ஒரு விளம்பர அலுவலகத்தில் பிறந்தது என்று சொல்ல நாவெடுத்தேன். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் இருந்தமையால் அடக்கிக்கொண்டேன்.

அமெரிக்காவில் மண வாக்கை மீறிய ஆண்மீது பெண் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறும் உரிமை 1935 முதல் மாநிலந்தோறும் நீக்கப்பட்டு வந்தது. நீதிமன்றம் தந்த பாதுகாப்பு போனபின், விலையுயர்ந்த மோதிரமே பெண்ணுக்குப் பிணையாயிற்று என்று மார்கரெட் பிரினிக் என்ற சட்ட அறிஞர் 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்திலும் 1970ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வழக்குகளை நீக்கியது. நிச்சய மோதிரம், மாறாகக் காட்டப்படாதவரை, பெண்ணுக்கே அளித்த முழுப் பரிசாகக் கருதப்படும் என்றும் அச்சட்டம் கூறிற்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அச்சாரம் அச்சாரமாகவே இருக்கிறது!

நம் தமிழகத்தில் இக்கேள்வி மோதிரத்தின்மேல் எழவில்லை, தாலியின்மேல் எழுந்தது. 1703ஆம் ஆண்டு பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், நம் நாட்டுக் கிறிஸ்தவர்களின் வழக்கங்களைப் பற்றிப் பல விதிகள் கொண்ட ஒரு கட்டளையை 1704இல் வெளியிட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. சிலுவை அல்லது ஆண்டவர், அன்னை மரியாளின் உருவம் இருக்கலாம். 108 இழைகள் சேர்த்து மஞ்சள் தோய்த்த கயிறும் கூடாது. இவையெல்லாம் அக்கட்டளையில் உண்டு. அவற்றைச் சுற்றி நடந்த வாதங்கள் 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தீர்ப்பளிக்கும்வரை நீண்டன. அந்தக் கட்டளைகளில் பலவற்றைக் குறித்து, நம் மக்களைப் புரிந்துகொள்ளாமல் வெளிநாட்டார் ஒருவர் சில மாதங்களில் எழுதிவிட்டுப் போனவை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதில் ஒரு விதிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆறேழு வயதுக் குழந்தைகளுக்கு, பெற்றோரின் இசைவை மட்டும் கொண்டு, கழுத்தில் தாலி கட்டிப் பிரிக்கவொண்ணாத திருமணமாகக் கொள்ளும் வழக்கத்தைக் குருக்கள் ஏற்கலாகாது என்பதே அவ்விதி. தாலியின் உருவத்தைப் பற்றி நாற்பது ஆண்டுகள் வாதிட்டவர்கள், அந்தச் சிறுமியைக் கேட்டார்களா என்பதைப் பற்றி எவ்வளவு வாதிட்டார்களோ!

இனி, என் தமக்கை அடுக்களைக்குள் சென்ற காரணம்.

1972ஆம் ஆண்டு. அவளுக்கு வயது 21, எனக்கு 15. அப்பா இரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தருமபுரி மறைமாவட்டம் 1997இல்தான் உருவாயிற்று. அந்நாளில் நாங்கள் சேலம் மறைமாவட்டத்தைச் சார்ந்தவர்கள். மாப்பிள்ளையும் சேலத்துக்காரர், ஓர் அலுவலகத்தில் எழுத்தர். நகரத்துக் குடும்பம் ஆகையால் மோதிரம் மாற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் அதுவே முதல் முறை. தங்கம் சவரன் 200 ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம். அப்பா இரண்டு ஆடுகளை விற்று மாப்பிள்ளைக்கு அரைச் சவரனில் மோதிரம் செய்தார். அவர்கள் அக்காளுக்குச் சிவப்புக் கல் வைத்த மோதிரம் கொண்டுவந்தார்கள். அது அவள் விரலுக்கு இறுக்கமாக இருந்தது. அளவு எவரும் கேட்கவில்லை. பங்குத்தந்தை இரண்டையும் மந்திரித்து, ஒப்பந்தப் புத்தகத்தில் இருவரிடமும் சாட்சிகளிடமும் கையொப்பம் வாங்கினார். அக்காள் தன் பெயரைத் திருத்தமாக எழுதியதைப் பாட்டி பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஓலை வாசித்த வாரமே சேலத்திலிருந்து கடிதம் வந்தது. ஐந்து சவரன் என்று பேசியது பத்தாக வேண்டுமாம், ரொக்கமும் வேண்டுமாம். வரதட்சிணைத் தடுப்புச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. ஆனால் ஐந்து சவரனுக்கு அப்பா ஒப்புக்கொண்டபோது எங்களில் எவருக்கும் அச்சட்டம் நினைவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் புஞ்செய். அதை அடமானம் வைக்க அப்பா முடிவு செய்தார். உறவினர் அனைவரும் ஒரே குரலில் பேசினர்: “மோதிரம் போட்டாயிற்று, ஓலையும் வாசித்தாயிற்று. இனி இந்தப் பெண்ணை வேறு யார் எடுப்பார்கள்?”

அப்பா அடமானச் செய்தியைச் சொல்லப் பங்குத்தந்தையிடம் சென்றபோது நானும் உடன் சென்றேன். அவர் கேட்டுவிட்டு, நிலையிலிருந்து ஒரு தடித்த இலத்தீன் புத்தகத்தை எடுத்தார். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அது. 1017ஆம் விதியைத் தமிழில் சொல்லிக் காட்டினார். மண ஒப்பந்தம் முறைப்படி எழுதிக் கையொப்பமிட்டதாயினும், அதைக் காட்டி எவரையும் திருமணம் செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது. இழப்பு நேர்ந்திருந்தால் ஈடு கேட்கலாம், அவ்வளவே. (1983இல் வந்த புதிய தொகுப்பில் இதுவே 1062ஆம் விதியாக இருக்கிறது.) பிறகு அவர் புத்தகத்தை மூடிவிட்டு, “நிலத்தைப் பற்றி என்னிடம் கேட்க வந்தீர்கள். பெண்ணைக் கேட்டீர்களா?” என்றார்.

“அவளை என்ன கேட்பது, சுவாமி?” என்றார் அப்பா.

அன்று மாலையே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் அமர்ந்து, அக்காளை அழைத்து, எல்லாருக்கும் முன்னிலையில், “உனக்கு இந்தத் திருமணத்தில் சம்மதமா, அம்மா?” என்று கேட்டார். வெகுநேரம் அவள் பேசவில்லை. “இதுவரை என்னை யாரும் கேட்கவில்லை, சுவாமி,” என்றாள். பிறகு, “வேண்டாம்,” என்றாள். உள்ளே சென்று விளக்கெண்ணெய் தடவி, இறுகிக் கிடந்த மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அப்பாவின் கையில் வைத்தாள். பாட்டி மட்டும் அழுதார். எதற்காக அழுதார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அப்பாவும் நானும் பயணியர் வண்டியில் சேலம் சென்றோம். பொம்மிடி, டேனிஷ்பேட்டை எல்லாம் கடந்து செல்லும்வரை அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த வீட்டார் மோதிரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிச்சயத்துக்கு வந்து சென்ற செலவைக் கேட்டார்கள். அப்பா கொடுத்தார். எங்கள் மோதிரம் ஒரு வாரம் கழித்துத் தரகர் கையில், செய்தித்தாள் துண்டில் சுற்றப்பட்டு வந்தது. அம்மா அதைக் கையால் தொடாமல் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, பரண்மேல் வைத்துவிட்டார்.

அதன்பின் மூன்று ஆண்டுகள். அவற்றைப் பற்றி நிறைய எழுத விருப்பமில்லை. மணமே ஆகாத என் தமக்கையை ‘வாழாவெட்டி’ என்று சொன்னவர்கள் கோவிலில் எங்களுக்கு அடுத்த வரிசையில் முழந்தாளிட்டவர்களே. திருச்சபையின் சட்டம் அவளை விடுவித்தது. திருச்சபையின் மக்கள் விடுவிக்கவில்லை. ஞாயிறு பூசைக்குக் கடைசியாக வந்து, நற்கருணை வாங்கியதும் முதலில் வெளியேறிவிடுவாள். வாக்கை முறித்தவர்களின் மகனுக்கோ ஆறு மாதத்தில் வேறிடத்தில் திருமணம் நடந்தது.

1975இல் அரூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். நடந்ததனைத்தையும் அறிந்தே வந்தார்கள். அவர்தாம் என் அத்தான். பெண் பார்க்க வந்தவர், காப்பியை வாங்கி வைத்துவிட்டு, “பெண்ணிடம் கேட்டுவிட்டீர்களா?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அன்று முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. “நாங்கள் இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறோம்,” என்றார்.

சீர் எதுவும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் தாலி வேண்டுமே? எங்கள் பக்கத்தில் தாலிக்குப் பொன் தருவது மாமன் முறை. எங்கள் மாமனோ அவ்வாண்டு கடனில் மூழ்கியிருந்தார். 1972க்குப் பின் மூன்றே ஆண்டுகளில் பொன்விலை இரட்டிப்புக்கும் மேல் ஏறிவிட்டது. அப்பா பரணிலிருந்து தகர டப்பாவை இறக்கினார். “அது இராசியில்லாத பொன், என் மகள் கழுத்தில் ஏறக் கூடாது,” என்று அம்மா குறுக்கே நின்றார். ஊரிலிருந்த ஆசாரி மோதிரத்தை வாங்கி உரைகல்லில் உரைத்துப் பார்த்துவிட்டு, “நல்ல பொன் அம்மா. உருக்கிவிட்டால் அது பழையதை நினைத்துக்கொண்டா இருக்கப் போகிறது?” என்றார். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அக்காளிடமே கேட்டுவிட்டு இசைந்தார். சிலுவை பொறித்த தாலி அதிலிருந்து உருவாயிற்று. மோதிரத்தை மந்திரித்த அதே பங்குத்தந்தை அத்தாலியையும் மந்திரித்தார். அது இன்றளவும் அவள் கழுத்தில் இருக்கிறது.

அன்று கூடத்தில் மோதிரப் பேச்சு அடங்கியபின், அடுக்களையிலிருந்து அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு வெள்ளை நூல். பேத்தியின் அருகில் அமர்ந்து, “உன் விரல் அளவை அவர்கள் வாங்கிக்கொண்டார்களா?” என்று கேட்டாள். இல்லை என்றாள் பேத்தி. அவளுடைய மோதிர விரலைச் சுற்றி நூலை வைத்து, மிக இறுக்காமலும் மிகத் தளர்த்தாமலும் முடிச்சிட்டு, மெதுவாக உருவி எடுத்தாள். பிறகு பேத்தியின் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். எங்களுக்குக் கேட்கவில்லை. பேத்தி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, “ஆமாம், பாட்டி,” என்றாள். அத்தான் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் படிக்கத் தொடங்கினார்.

அந்த நூல் வளையம் இப்போது என் பணப்பையில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை தருமபுரிக்குச் சென்று பொற்கடையில் அதைக் கொடுக்க வேண்டும்.